வளையாத கீழ்ப்பாதி

பிப்ரவரி 4, செவ்வாய்

பரணிலிருந்து மல்பெரிக் கட்டையை இறக்கினேன். நானே. ஸ்டூல் போட்டு ஏறி, ஒரு முனையைத் தோளில் சாய்த்து. மூன்று வருடங்களுக்கு முன் நான் வேலை செய்யும் அச்சகத்து மதிலை இடித்தபோது வெட்டிய மரம். வில் செய்யலாமென்று நெடுக்கில் பிளந்து, முனைகளுக்குப் பெயின்ட் அடித்துக் காயப் போட்டிருந்தேன். அப்போது எனக்குப் பத்து விரல்கள்.

வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து வந்ததும் பதறினார். "சொல்லியிருந்தா நான் இறக்கித் தரமாட்டேனா?"

தருவார். அதனால்தான் சொல்லவில்லை.

பிப்ரவரி 8, சனி

கிளப்புக்குப் போனேன். பதினொரு வருடம் அம்பு எய்த மைதானம். பேப்பர் வெட்டும் மெஷின் என் வலது கை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துக்கொண்டு பதினான்கு மாதம் ஆகிறது. நாணை இழுத்த விரல்கள். இனி வலது கையால் வில்லைப் பிடித்து இடது கையால் இழுக்கப் போகிறேன், ஏப்ரல் போட்டியில் பெயரைச் சேருங்கள் என்று மாஸ்டரிடம் சொன்னேன்.

மாஸ்டர் என் கையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார். "ஆசைக்கு ஒரு நாள் வந்து சும்மா எய்ங்கம்மா. போட்டியெல்லாம் எதுக்கு? வேணும்னா உங்களுக்குன்னு தனிப் பிரிவு வெச்சு..."

"நான் ஒருத்தி மட்டும் ஓடி நானே முதல் வர்றதுக்கா? எல்லாரோடயும் போடுங்க மாஸ்டர். கடைசியா வந்தாலும் பரவாயில்ல."

கிளப் வில் எதுவும் என் வலது கையில் நிற்கவில்லை. பிடி நழுவுகிறது. சரி, எனக்கான பிடியை நானே செதுக்கிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பால்கனியில் நாலு மணி நேரம். மரப்பட்டையை உரித்தாயிற்று. மரத்தின் வெளிப்பக்கம்தான் வில்லின் முதுகு. அங்கே மரத்தின் ஒரே ஆண்டு வளையம் முனை முதல் முனை வரை அறுபடாமல் ஓட வேண்டும். அறுபட்டால் அந்த இடத்தில் முறியும். இனிச் செதுக்குவதெல்லாம் உள்பக்கம், அதாவது வயிறு.

அவர் மூன்று தடவை வந்து நின்றார். "விடு, நான் சீவித் தரேன்." இந்த வீட்டில் நான் எதைத் தொட்டாலும் அந்த "விடு" வந்துவிடுகிறது. பாட்டில் மூடி, குக்கர், சட்டைப் பொத்தான். போன வாரம் என் தலைமுடி!

பிப்ரவரி 17, திங்கள்

ஆப்பிளைத் துண்டு போட்டுத் தட்டில் வைத்தார். நான் இன்னொன்றை முழுசாக எடுத்துக் கடித்துத் தின்றேன்.

மார்ச் 2, ஞாயிறு

இன்றுதான் வளைக்கத் தொடங்கினேன். சுவரில் ஒரு பலகை, அதன் மேல் வில்லின் நடுப்பகுதி; நாணில் கட்டிய கயிறு கீழே ஒரு கப்பி வழியாக என் கைக்கு வருகிறது. இழுத்துப் பார்த்தால் எந்த இடம் வளைகிறது, எந்த இடம் முரண்டு பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். முரண்டு பிடிக்கும் இடத்தில் பென்சில் கோடு. இருபது சுரண்டல். பிறகு முப்பது தடவை இழுத்து விட வேண்டும், மரம் பழகிக்கொள்ள. அவசரப்பட்டால் போச்சு.

மேல்பாதி அழகாக வளைகிறது. கீழ்ப்பாதி அசைய மாட்டேன் என்கிறது. எனக்கு என்னவோ கீழ்ப்பாதியைத்தான் பிடித்திருக்கிறது.

மார்ச் 8, சனி

எழுத வரல. நான் ஷிஃப்ட் முடிஞ்சு வர்றதுக்குள்ள அவர் — பென்சில் கோடு போட்ட இடத்தையெல்லாம் அரத்தால ராவி வெச்சிருக்கார். நாணை மாட்டி இழுத்தா கீழ்ப்பாதி அந்த ஒரு இடத்துல மட்டும் கதவுக் கீல் மாதிரி மடங்குது. போச்சு. எல்லாம் போச்சு.

"உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்..."

"மெஷின் என் ரெண்டு விரலைத்தான் எடுத்துச்சு. மீதி எட்டையும் நீங்க எடுத்துக்கிட்டீங்க!"

அடுத்த வீட்டுக் கதவு திறந்து மூடியது. அவர் நோயாளிக்குத் தலையாட்டுவதுபோல ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 9, ஞாயிறு

கீழ்வீட்டுத் தச்சரிடம் காட்டினேன். "இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற கட்டை பாருங்கக்கா."

வேறு கட்டை காய ஒரு வருடம். போட்டிக்கு நாலு வாரம். எடுத்த மரத்தை ஒட்ட முடியாதுதான். மெலிந்த இடத்தைத் தொடாமல் மீதி முழுவதையும் அதற்குச் சமமாகச் சுரண்டி இறக்க முடியுமே? வில்லின் பலம் குறையும். குறையட்டும். தூக்கிப் போடுவதாக இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

வளைவைத் தள்ளி நின்று பார்த்தால்தான் தெரிகிறது. கயிற்றை இழுக்க ஒரு ஆள் வேண்டும். வேறு வழியில்லாமல் அவரைக் கூப்பிட்டேன்.

"நான் சொன்னா மட்டும் இழுங்க. நிறுத்துன்னா நிறுத்துங்க. அரத்துல கை வெச்சீங்கன்னா தெரியும்."

ஒன்றரை மணி நேரம் பொறுமையாக இழுத்தார். ஒரே ஒரு தடவை, "மேல் முனைகிட்ட இன்னும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். ஒரு பார்வை பார்த்தேன். வாயை மூடிக்கொண்டார்.

அவர் சொன்னது சரிதான். அங்கேதான் சுரண்டினேன். அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

இருபத்தாறு அங்குலம் முழுசாக இழுத்தாயிற்று. ஒரு சத்தம் இல்லை. இரண்டு பாதியும் ஒரே வளைவு. சூட்கேஸ் தூக்கிப் பார்க்கும் தராசில் நாணை மாட்டி இழுத்தால் இருபத்துநாலு பவுண்டு. நான் நினைத்திருந்தது முப்பத்தைந்து. இருக்கட்டும், இதுவும் அம்பைத் தள்ளும்.

பிடியில் கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் ஒவ்வொரு பள்ளம். இல்லாத இரண்டு விரல்களின் இடத்தில் மரம் புடைத்து உள்ளங்கையை நிரப்புகிறது. அவர் வாங்கிப் பார்த்தார். "எனக்குப் பிடிக்கவே வரலையே."

"உங்களுக்கா செஞ்சேன்?"

ஏப்ரல் 6, ஞாயிறு

இருபது மீட்டர், முப்பத்தாறு அம்பு. பெயர் எல்லோரோடும்தான் இருந்தது. முதல் ஆறில் மூன்று அம்பு இலக்கைத் தொடவே இல்லை. பின்னால் யாரோ "ச்சு ச்சு" கொட்டினார்கள். அதற்கப்புறம் எனக்கு எதுவும் கேட்கவில்லை.

இருபத்துமூன்று பேரில் பத்தொன்பதாவது. எனக்குக் கீழே நாலு பேர், ஆளுக்குப் பத்து விரல். இதை எழுதுவது அல்பம். இருந்தாலும் எழுதுகிறேன்.

மாஸ்டர் வில்லைக் கேட்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என் கையையும் பார்த்தார். "மே மாசம் முப்பது மீட்டர் இருக்கு. பேரைப் போட்டுடவா?"

"கேக்கணுமா மாஸ்டர்?"

ஏப்ரல் 7, திங்கள்

காலையில் வீடு இரண்டுபட்டது. சட்டையை உதறினால் மரத்தூள், ஷூவுக்குள் மரத்தூள். "மனுஷன் இருக்கிற வீடா இது? ரெண்டு மாசமா பரப்புனது யாரு? நான் பெருக்கணுமா?" என்று எகிறினார். நானும் விடவில்லை, ஈரத் துண்டு, திறந்து கிடக்கும் அலமாரி என்று இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். துடைப்பத்தை என் முன்னால் சாத்தி வைத்துவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார். அந்த "விடு" ஒரு தடவைகூட வரவில்லை.

பால்கனியை மட்டும் பெருக்கினேன். ஹாலை அவர் வந்து பெருக்கட்டும்.