அம்மாவின் வேதப்புத்தகத்தின் மேல்

அன்பு மகனுக்கு, அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நலம் என்று எழுதத்தான் பழகிய கை போகிறது, உன்னிடம் பொய் சொல்வானேன், உடம்பு நலம், மனசுதான் இல்லை. நீயாவது அங்கே சுகமாயிருக்க வேண்டும். தையல் கடையை மறுபடி திறந்துவிட்டேன். பள்ளிக்கூடச் சீருடைத் துணி குவிந்து கிடக்கிறது, பொத்தான் துளைக்குக் காஜா எடுக்க ஆளில்லை, அதெல்லாம் அம்மா கை வேலை. நேற்று ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடக்கையாகவே வைத்துத் தைத்துவிட்டேன். உன் தங்கை பார்த்து, "எந்த மகராசன்பா இந்த அளவு கொடுத்தது" என்று சிரித்தாள், சிரித்தபடியே அழுதுவிட்டாள்.

அம்மாவை அடக்கம் செய்துவிட்டு நீ திரும்பிப் போனதும் போனில் கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். "அம்மா கர்த்தருக்கு அவ்வளவு பயந்து பயந்து நடந்தாங்களேப்பா, கடைசில அவரு என்ன செஞ்சாரு, இனி எனக்கும் அவருக்கும் பேச்சில்ல" என்றாய். எனக்குக் கோபம் வரவில்லை, நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் போனதிலிருந்து வீட்டில் ஜெபம் இல்லை. போதகர் தலை தெரிந்தால் துணி மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறேன்.

வேதப்புத்தகத்தின் மேல் அம்மா ஒன்றையும் வைக்க விடமாட்டாளே. மூக்குக் கண்ணாடியை வைத்தாலே பாய்ந்து வருவாள், நீ கணக்குப் புத்தகத்தை வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டவன்தானே. போன வாரம் காலையில் டீ டம்ளரை வேண்டுமென்றேதான் அதன் மேல் வைத்தேன். கர்த்தர் என்ன செய்துவிடுவார் பார்ப்போம் என்று எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன், இந்த வயதில் இந்த வீம்பு. ஒன்றும் ஆகவில்லை. தெருவில் பால்காரர் போனார், டீ ஆறிப்போனது. "எடுங்க அத" என்று சமையலறையிலிருந்து ஒரு சத்தம் வர வேண்டிய நேரம், வரவில்லை. அப்போதுதான் மகனே நான் உடைந்துபோனேன். அவர் அடிப்பார் என்றா அவள் பயந்தாள்? அப்படியென்றால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவரோடு அப்படிச் சண்டை பிடித்திருப்பாளா? "வலி தாங்கலையே, நீரு பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கீரே" என்று என் காதுபடக் கேட்டாள். ஆனால் அதைக் கேட்பதற்கு முன், ஜெபத்துக்குப் போடுவதுபோல் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிடச் சொன்னாள், அவளால் கை தூக்க முடியவில்லை, நான்தான் இழுத்துவிட்டேன். சண்டை போடக்கூட அவர் முன்னால் தலையை மூடிக்கொண்டுதான் போட்டாள்.

டம்ளரை எடுத்துவிட்டேன். அட்டையில் வட்டமாகக் கறை விழுந்துவிட்டது, துடைத்தும் போகவில்லை. ஜெபிக்க ஒரு வார்த்தை வரவில்லை, பயமாக இருந்தது, ஆனாலும் எழுந்து போக மனம் வரவில்லை. அவளை ஏன் எடுத்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, தெரிந்த மாதிரி உனக்கு எழுதவும் மாட்டேன்.

வேலை முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. தங்கைக்கு அடிக்கடி பேசு, நேற்று ஒரு நாள் தவிர அவள் என் முன்னால் அழமாட்டேன் என்கிறாள். நீ பேசாவிட்டாலும் கர்த்தர் உன் பக்கத்தை விட்டுப் போகாமல் உன்னைக் காக்கட்டும். ஒன்றே ஒன்று சொல்ல மறந்தேன். அம்மா உன் பெட்டியில் வைத்து அனுப்பிய வேதப்புத்தகத்தின் மேல் சாவிக்கொத்தும் ஹெல்மெட்டும் கிடந்ததை அன்றைக்கு வீடியோ காலில் பார்த்தேன். திறந்து வாசி என்று கேட்கமாட்டேன். மேலே இருப்பதை மட்டும் எடுத்துவிடு ராசா, சத்தம் போட அவள் இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா