எந்த அகராதியிலும் இல்லாத திட்டு

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். நன்றாக என்ன, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் தேர்வில் பாஸாகிவிட்டேன்!

தேர்வில் வீட்டுக்காரராக நடித்தவர், குழாயை மூடாத தமிழ்க் குடித்தனக்காரரை இந்த ஊர் மொழியில் கிழிகிழியென்று கிழித்தார். அந்தக் கோபம் துளியும் குறையாமல் நான் தமிழில் சொல்ல வேண்டும். போன தடவை பூசி மெழுகித்தான் கோட்டை விட்டேன். இந்தத் தடவை உன்னை நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"நான் என்ன சுவத்துகிட்டயா பேசிட்டிருக்கேன்? காதுல என்னத்த அடைச்சு வச்சிருக்க?"

தமிழ் தெரிந்த தேர்வாளர் சிரித்தேவிட்டார். "எந்த அகராதிம்மா பாக்குறீங்க?"

"எங்க அம்மா, சார்."

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி என்னைக் கொஞ்ச நேரம் திட்டும்மா, பயிற்சிக்குத்தான். இங்கே எல்லோரும் என்னிடம் ரொம்ப மரியாதையாகவே பேசுகிறார்கள்.

முதல் வழக்குக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்!

உன் மகள்