இழுப்பறையில் தேய்த்த மெழுகு

என்னங்க,

கஞ்சி அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. உப்பு போடவில்லை, நீங்களும் போடாதீர்கள்.

நம் ஆஸ்பத்திரியைக் கொரோனாவுக்கு ஒதுக்கிவிட்டார்கள் அல்லவா, பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் இன்று டாக்டர்கள் கூடி உங்களைப் பற்றிப் பேசப்போகிறார்கள். நோயாளி வரவேண்டாமாம். ஈரலில் ஊசி குத்தி எடுத்த சதை மட்டும் போதுமாம். அதை மெழுகில் பதித்து லேப்பில் என் கையிலேயே கொடுத்திருந்தார்கள். மேஜை மேல் வைத்திருந்தேன்.

விடிந்து பார்த்தால் மெழுகுக் கட்டி ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது. ஒரு மாதமாகச் சிக்கிய இழுப்பறை வழுக்கிக்கொண்டு வருகிறது. அதன் ஓரமெல்லாம் மெழுகைத் தேய்த்திருக்கிறீர்கள்.

நேற்று நான்தான் கத்தினேன், "ஒரு இழுப்பறையக்கூட சரி பண்ண முடியாதா?" என்று. "சாகறதுக்குள்ள பண்ணிடறேன்"னு சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. அது என்ன கட்டி என்று உங்களிடம் சொல்லவும் இல்லை.

லேப்காரரிடம் போனில் சொன்னேன். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கேட்டார். பிறகு, "மிச்சம் இருக்கறத அப்படியே கொண்டு வாங்கம்மா, பாக்கலாம்" என்றார். அது போதவில்லையென்றால் மறுபடி ஊசி. அதற்கு எந்த ஆஸ்பத்திரியில் இடம் இருக்கிறதோ!

மாற்றுச் சாவி ஜன்னல் ஓரம். மாஸ்க் இல்லாமல் யாருக்கும் கதவைத் திறக்காதீர்கள். மன்னிப்புக் கேட்டுப் போன் பண்ணாதீர்கள், ஆஸ்பத்திரி வரிசையில் நின்று அழ முடியாது.

இன்னொன்று. இழுப்பறையைத் துடைத்துவிடாதீர்கள். அதில் ஒட்டியிருப்பதும் நீங்கள்தான்.