ஓடையில் பதிவான குரல்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா வேளைக்கு மாத்திரை போட்டுக்கொள்கிறாரா? இங்கே நான் சுகம்.

கலைக்கூடத்தில், பார்வையாளர்கள் இருட்டில் நின்று ஒலிகளை மட்டும் கேட்கும் ஓர் அறைக்கு ஒலி அமைக்கும் வேலை நடந்தது. மழையையும் தவளைகளையும் பதிவுசெய்து, கணினியில் இழுத்து நீட்டி இசையாக்கினேன். ஓடையைப் பதிவுசெய்யப் போனபோது பாசியில் வழுக்கி விழுந்தேன். பயப்படாதே, கணுக்காலில் லேசான வீக்கம்தான். மைக் தப்பித்தது.

பதிவைக் கேட்ட ஒலிப்பொறியாளர், "நடுவுல ஏதோ பறவை கத்துதே, என்ன பறவை அது?" என்றார். விழும்போது நான் "அம்மா" என்று அலறியதுதான் அது. சிரித்துக்கொண்டே சொன்னேன். "வெட்டிடலாமா?" என்று கேட்டார். "இருக்கட்டும் சார்" என்றேன். நாள் முழுக்க ஹெட்ஃபோனோடு கிடப்பதில் என் குரலே எனக்கு மறந்திருந்தது.

நேற்று அறையைப் பார்வையாளர்களுக்குத் திறந்தார்கள். என் அலறல் வந்தபோது, கதவிடுக்கு வெளிச்சத்தில் நின்ற ஒரு பெண்மணி மட்டும், தன்னைக் கூப்பிட்டதுபோல் சட்டென்று திரும்பிப் பார்த்தார். ஓடிப்போய்ப் பேச நினைத்தேன், அதற்குள் போய்விட்டார்.

ஒரு சின்ன உதவி. குரல் செய்தி அனுப்பும்போது மிக்ஸியை நிறுத்தாதே. பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் போனைச் சமையலறையில் வைத்துவிட்டு நீ பாட்டுக்கு வேலையைப் பார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கலைக்கூடத்தைப் பூட்டக் காவலாளி வந்துவிட்டார்.

உன் மகள்