இறக்கையில் காய்ந்த ஈசல்

இன்று காலை சோப்பு நீரில் நனைத்த துணியை இறக்கையில் வைத்ததும் நசுங்கிய பூச்சிகளின் புளித்த வாடை எழுந்தது. ஜைரோபிளேன் என்ற உன் சின்னப் பறக்கும் வண்டியை நேற்று மாலை, மழை விட்டதும், உன் மகள் வயல்களின் மேல் ஓட்டிவிட்டு வந்திருந்தாள். தலைக்கு மேல் சுழலும் இரண்டு இறக்கைகளின் முன்விளிம்பிலும் ஈசல் அப்பிக் காய்ந்து, உப்புத்தாள் போலச் சொரசொரத்தது.

நான் துடைக்கும்போதெல்லாம் நீ கேலி செய்வாய். "இன்னாயா, மாப்பிள்ளைக்கு சோப்பு போட்டுகினு கீறியா?" கல்பாக்கத்துக்கு ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போன காலத்திலிருந்தே என் நிதானம் உனக்குச் சிரிப்புதான். வழவழப்பு போனால் காற்று விளிம்பை ஒட்டி ஓடாது, இழுவை கூடும், தூக்குவிசை குறையும் என்பேன். சொல்லும்போதே, சரியாகத்தான் சொல்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வரும்.

ஒரு மாலை நீயே பார்த்தாய். துடைக்காமல் கிளம்பினாய். ஓடுபாதை முடியும் இடத்தில்தான் வண்டி எழும்பியது. முள்வேலியை உரசாத குறையாகத் தாண்டி, முழு விசை கொடுத்தும் உயராமல், தென்னைகளைச் சுற்றிக்கொண்டு வந்து இறங்கினாய். இருக்கை வாரைக் கழற்ற உனக்கு மூன்று முறை முயல வேண்டியிருந்தது. "வூட்ல சொல்லிடாத மச்சான். பொண்ணு பயந்துடும்." அதன்பிறகு துணியை நீயே எடுத்தாய். அப்பாவுக்கு வண்டி பளபளவென்று இருக்க வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோகும் வரைக்கும் நீ அவளிடம் காரணம் சொல்லவில்லை.

இன்று நான் துடைக்கத் தொடங்கியதும் உன் மகள் கனமான தோழி ஒருத்தியோடு வந்தாள். "வுடுங்க மாமா, வந்து தொடைச்சிக்கலாம்."

"அம்மா, உங்கப்பாவே ஒருநாள் இப்படித்தான் போயி, பயந்து..."

"அப்பாவா? அவரு எதுக்கும் பயந்ததில்ல. நீங்கதான் மாமா, தரையில நின்னுகினே பயப்படுறீங்க."

தோழி சிரித்தாள். நான் துணியோடு விலகி நின்றேன். வண்டி வழக்கத்தைவிட நெடுந்தூரம் ஓடி, எழுந்தது. மாமல்லபுரத்துப் பக்கம் போய், கடலோரமாகத் திரும்பி, நல்லபடியாக இறங்கியது.

"பாத்தீங்களா? ஒண்ணும் ஆவல."

கடற்காற்று எதிரே பலமாக வீசியதால்தான் எழும்பியது என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர்கள் அதற்குள் காரில் ஏறிவிட்டார்கள்.

அவள் பத்திரமாக இறங்கியதில் எனக்கு உயிர் வந்தது. அதே நொடியில் என் சொல்லுக்கு இருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் போனது. காற்று ஓய்ந்த ஒரு மாலையில் இவள் கிளம்பினால் யார் நிறுத்துவது? நீ அன்று பயந்து இறங்கியதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அதை அவள் நம்பும்படி சொல்லும் வாய் உனக்கு இருந்தது, எனக்கு இல்லை.