பங்காரப்பேட்டையிலிருந்து திரும்பிய கார்

இன்று காலை காரைக் கிளப்பியதும் அந்த வாடை வந்தது. வடைச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனால் வருமே, அந்தக் கருகிய எண்ணெய் வாடை. மழைக்காகச் சில நாட்கள் வண்டியை எடுக்காமல் விட்டிருந்தேன். கண்ணாடியில் பார்த்தால் எதிர்வீட்டுச் சுவரே தெரியாத அளவுக்குப் பின்னால் புகை. நான் இறங்குவதற்குள் உன் வீட்டு ஜன்னலிலிருந்து குரல் வந்துவிட்டது.

“இன்னா கலர்?”

உன் வீட்டுக்காரர்தான். பக்கவாதத்துக்குப் பிறகு எல்லா வார்த்தையும் குழறுகிறது. காரைப் பற்றிய பேச்சு மட்டும் எப்படியோ சுத்தமாக வருகிறது.

“ப்ளூதாண்ணா” என்றேன்.

“ஏறும்போதா, எறங்கும்போதா?”

“இப்பதானேண்ணா கெளப்பினேன். ஓட்டிப் பாத்துட்டு சொல்றேன்.”

“ம்” என்றார். எங்கள் பேச்சு இவ்வளவுதான். நீ போன பிறகு உன் பேரை நாங்கள் இருவருமே எடுப்பதில்லை. காரைப் பற்றிப் பேசிக்கொள்கிறோம்.

இந்தக் காரை அவர் எப்படிக் கொண்டுவந்தார் என்று உனக்கு நினைவிருக்கும். ஃபேக்டரியில் மெஷினிஸ்டாக இருந்தவர், யாரோ வேண்டாமென்று கழித்துப் போட்ட வெள்ளைக் காரை இழுத்துவந்து வாசலில் நிறுத்தினார். இன்ஜினை இறக்கி, துண்டு துண்டாகக் கழற்றி, உன் பழைய சேலை ஒன்றின் மேல் வரிசையாகப் பரப்பினார். நந்திதுர்க் சுரங்கக் குடியிருப்பில் நம் லைன் முழுக்க வந்து வேடிக்கை பார்த்தது. அவரே திரும்பப் பூட்டி, சாவியைத் திருப்பி, அது உறுமியபோது நீ கைதட்டினாய். அப்புறம் ஒரு நாள் அவருடைய வலப்பக்கம் விழுந்துபோனது. கார் தார்ப்பாய்க்குக் கீழே போனது. நீயும் ஒருவகையில் அதற்குக் கீழேதான் போனாய்.

உங்களுக்குப் பிள்ளை இல்லை. வேறு யார் தொட்டாலும் அவருக்கு ஆகாது. நீ ஊட்டினால்தான் சாப்பிடுவார், நீ திருப்பிப் படுக்கவைத்தால்தான் படுப்பார். குழாயடியில் நீ வரிசையில் நிற்கும்போதே போன் அடிக்கும். இடது கட்டைவிரலால் உன் நம்பரை மட்டும் அழுத்தக் கற்றிருந்தார். “வந்துட்டேன், வந்துட்டேன்” என்று குடத்தைப் பாதி நிரப்பிக்கொண்டு ஓடுவாய். ஒரு சாவுக்குப் போனதில்லை, ஒரு கல்யாணத்துக்குப் போனதில்லை. ஒருமுறை துணி துவைத்துக்கொண்டே நிமிராமல் சொன்னாய்: “சுரங்கத்துல ஆள எறக்கற கேஜ் ஷாஃப்ட்ல பாதியில நின்னுபோச்சுன்னா எப்டி இருக்கும்? மேலயும் போவாது, கீழயும் போவாது. அப்டி கீதுடி எனக்கு.”

வைத்தியத்துக்காகத்தான் நீ கார் ஓட்டக் கற்றுக்கொண்டாய். அவரை ஆட்டோவில் மடக்கி உட்காரவைக்க முடியவில்லை. சுரங்கத்தை ஒட்டிய மைதானத்தில் நீ ஓட்ட, நான் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பிறகு எனக்கும் கற்றுக்கொடுத்தாய். அவரைப் பின்சீட்டில் சாய்த்து ராபர்ட்சன்பேட்டைக்குக் கை கால் பயிற்சிக்கு அழைத்துப் போய் வர ஆரம்பித்தபோதுதான் ஆயில் குறைவதைக் கவனித்தோம். அளவுக் கம்பியை உருவித் துடைத்து, விட்டு எடுத்தால் நுனியில் மட்டும் ஈரம். ஊற்றுவோம், அடுத்த வாரம் மறுபடியும் நுனியில் ஈரம். வண்டிக்குக் கீழே அட்டை விரித்துப் பார்த்தோம். ஒரு சொட்டும் இல்லை. கீழே ஒழுகவில்லை என்றால் உள்ளே எரிகிறது.

ராபர்ட்சன்பேட்டை மெக்கானிக் சலீம் புகையைப் பார்த்ததுமே தீர்ப்புச் சொன்னான்.

“பிஸ்டன் ரிங் போச்சுக்கா. இன்ஜின எறக்கித் தொறக்கணும். வேற வழியே இல்ல.”

வீட்டுக்கு வந்து நீ இதைச் சொன்னபோது அவர் இடது கையால் டம்ளரை எடுத்து எறிந்தார்.

“தொறக்கக் கூடாது. நான் பூட்டின இன்ஜின். எவனும் கை வெக்கக் கூடாது.”

நீ டம்ளரைப் பொறுக்கி, தரையைத் துடைத்துவிட்டு வெளியே வந்தாய். வேலிப் பக்கம் நின்று என்னிடம் மெல்லச் சொன்னாய், வேலூரில் மெஸ் நடத்தும் உன் தங்கை கூப்பிடுகிறாள் என்று. மாடியில் உனக்காக ஒரு அறை ஒழித்து வைத்திருக்கிறாளாம். பங்காரப்பேட்டையில் இருக்கும் அவருடைய அக்கா அவரை வைத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டாளாம். அவரைக் காரில் அங்கே கொண்டுவிட்டு, அங்கிருந்தே ரயிலேறிவிடுவதாகச் சொன்னாய். காரை நான் திருப்பி ஓட்டிவர வேண்டும். “அது வரைக்கும் வண்டி நடுவுல நிக்காம இருந்தா போதும்” என்றாய். அவரை விட்டுப் போவதற்கு அவருடைய வண்டியையே நம்பியிருந்தாய். ஆனாலும் சரி என்றேன்.

அதனால்தான் அந்தப் புகையை அப்படிப் பார்த்தோம். முதலில் நமக்கு எல்லாப் புகையும் ஒன்றுதான். குளிர்ந்த காலையில் வெள்ளையாகக் கொஞ்சம் வந்து மறைந்ததைப் பார்த்து நீ பதறினாய். அது வெறும் நீராவி, இன்ஜின் சூடான பிறகும் வெள்ளை விடாமல் வந்தால்தான் பயப்பட வேண்டும் என்று அவர் படுக்கையிலிருந்தே சொன்னார். கறுப்பு வந்தால் பெட்ரோல் அதிகம். நீலம் வந்தால் ஆயில் எரிகிறது. அவரை அறியாமலேயே அவர் பேச ஆரம்பித்திருந்தார். நீ ஓட்டுவாய், நான் பின்சீட்டில் திரும்பி மண்டியிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். சுரங்கக் கழிவு மண் குவிந்த சைனைட் மேட்டு ஓரமாக ஏறும் சாலையில் மூன்றாவது கியரில் முக்கி முக்கி ஏறினாய்.

“வருதாடி?”

“ஒண்ணும் வரல.”

மேலே போய்த் திரும்பி, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறக்கத்தில் உருளவிட்டாய். கீழே வந்து மறுபடி அழுத்தியதும் பின்னால் பொசுக்கென்று ஒரு நீல மூட்டை. “இப்ப வந்திச்சு!” என்று நான் கத்தியதில் சாலையோரம் போன ஆள் நின்றுவிட்டான். நீ சிரித்தாய். ரொம்ப நாளைக்குப் பிறகு நீ சிரித்ததைக் கேட்டேன்.

காலையில் முதல் கிளப்பலில் வருகிறது, இறக்கத்துக்குப் பிறகு வருகிறது, ஏற்றத்தில் வரவில்லை. அவரிடம் சொன்னோம். கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்.

“ரிங் போயிருந்தா ஏத்தத்துலதான் கக்கும். இது ரிங் இல்ல. வால்வு சீல். ரப்பரு காஞ்சுபோச்சு. மேல இருந்து ஒழுகுது.”

சலீம் வாசலுக்கே வந்து, பிளக்கைக் கழற்றி அழுத்தம் பார்த்தான். நாலு சிலிண்டரும் ஒரே மாதிரி நன்றாகக் காட்டின. “அண்ணன் சொல்றதுதான் சரி” என்று ஒப்புக்கொண்டான். ஆனால் சீல் மாற்றவும் இன்ஜின் ஹெட்டைத் திறக்கத்தானே வேண்டும் என்றான். வேண்டாம் என்றார் அவர். உன் துணிக்கொடிக் கயிற்றை அவிழ்த்துவரச் சொன்னார். நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டுபோய் வண்டியின் பக்கத்தில் வைத்தோம். பிளக் ஓட்டை வழியாகக் கயிற்றை உள்ளே செலுத்தி, பிஸ்டனை மேலே திருப்பினால், அந்தக் கயிற்றுச் சுருள் வால்வை விழாமல் தாங்கிக்கொள்ளும். மேல் மூடியை மட்டும் எடுத்து, ஸ்பிரிங்கைக் கழற்றி, சீலை மாற்றிவிடலாம். அவர் சொல்லச் சொல்ல சலீம் செய்தான். ஹெட்டைப் பிரிக்கவேயில்லை. அன்று அவர் தானாகவே ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டார். நீ அதைப் பார்க்காத மாதிரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாய்.

புகை நின்றுபோனது. இனி தள்ளிப்போட ஒரு காரணமும் மிச்சமில்லை. அடுத்த வாரமே கிளம்பினோம்.

நான் அவரோடு பின்சீட்டில். அக்கா வீட்டில் சில நாள் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தாய். வழி நெடுக இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தார். பங்காரப்பேட்டையில் அவரை உள்ளே உட்காரவைத்துவிட்டு வெளியே வந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தாய். “ஸ்டேஷனுக்கா?” என்று கேட்டேன். மடியிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாய். அது அடிக்கவில்லை. அவ்வளவு நாளில் முதல்முறையாக அது அடிக்கவில்லை. கடைசியில் கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, “இத குடுக்க மறந்துட்டேன்” என்று இறங்கினாய். நானும் பின்னாலேயே வந்தேன்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“நீ போ” என்றார். “எனக்குத் தெரியும்.”

“இன்னா தெரியும்?”

“டிக்கில உன் பொட்டி கீது. வண்டி பின்னாடி அமுங்குது இல்ல? ஏறும்போதே தெரிஞ்சிச்சு. போ. நான் இருந்துக்கறேன்.”

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நீ போயிருப்பாய். நின்றாய். பிறகு குனிந்து அவருடைய இடது கையை எடுத்து உன் தோளில் போட்டுக்கொண்டாய். உள்ளேயிருந்து வந்த அக்கா, “இன்னா இது?” என்று திகைத்தாள். “மாத்திரைய எடுத்துக்காமயே வந்துட்டோம் அண்ணி, இன்னொரு நாள் வரோம்” என்றாய். மாத்திரை அட்டை உன் கையில் இருந்தது. அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

நீயே காரைத் திருப்பி ஓட்டிவந்தாய். நம் வாசலில் இறங்கியதும் எனக்குப் பொறுக்கவில்லை. “அவரே போவச் சொல்லிட்டாரு இல்ல? அப்புறம் இன்னாடி?” என்று உன் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“போவக் கூடாதுன்னு சொல்லியிருந்தா போயிருப்பேன்டி” என்றாய்.

அதற்குப் பிறகு அவர் போன் செய்வதைக் குறைத்துக்கொண்டார். உனக்கு அதுவும் ஆகவில்லை. போன் வரவில்லையே என்று குழாயடியிலிருந்து பாதியில் எழுந்து ஓடினாய். பெட்டியைப் பரணில் போட்டாய். வேலூர் பேச்சை நான் எடுத்தால் தோசைக்கு ஊறப்போட வேண்டும் என்று உள்ளே போய்விடுவாய். அப்படியே வருடங்கள் போயின. ஒரு நாள் அதே குழாயடியில், குடம் நிரம்பி வழிய, சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாய். நாங்கள் தண்ணீர் தெளித்தோம். காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டினேன். நீ கற்றுக்கொடுத்தபடியே கியரை மாற்றினேன். வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. நீதான் வழியிலேயே நின்றுவிட்டாய்.

அன்று அவருக்கு யாராவது சோறு போட வேண்டியிருந்தது. நான் கொண்டுபோனேன். மறுநாள் எப்படிக் கொண்டுபோகாமல் இருப்பது? பங்காரப்பேட்டை அக்காவுக்கும் வயதாகி, மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டாள். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. காலையில் அவருக்கு இட்லி, பிறகு என் ஜெராக்ஸ் கடை, மத்தியானம் ஓடிவந்து அவரைத் திருப்பிப் படுக்கவைத்தல். சென்னையிலிருந்து என் தம்பி கூப்பிடும்போதெல்லாம் “அடுத்த மாசம் வரேன்” என்கிறேன். நான் உன்னிடம் கேட்ட கேள்வியை என்னிடம் கேட்க இங்கே ஆள் இல்லை.

இன்று கடைக்குப் போகும்போது மேட்டில் ஏறிப் பார்த்தேன். ஏற்றம் முழுக்க நீலமாக வந்துகொண்டே இருந்தது. மத்தியானம் வந்து அவரிடம் சொன்னேன்.

“ஏத்தத்துலதாண்ணா.”

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அவருடைய இடது கை நின்றது.

“அப்ப ரிங்தான்” என்றார். தட்டைத் தள்ளிவிட்டு, “சலீம வரச் சொல்லு. தொறந்துரட்டும்.”

“நெஜமாவாண்ணா?”

“இனி யாருக்கு மூடி வெக்கறது?”

அவர் அழுதாரா என்று தெரியவில்லை. நான் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அவரிடம் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். போன மாதம் கடைச் சாமான் வாங்கப் பெங்களூர் போவதாகச் சொல்லிவிட்டு, எதிர்வீட்டில் அவரை ஒப்படைத்துவிட்டு, காரில் வேலூருக்குப் போனேன். உன் தங்கை என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டிக்கொண்டாள். மெஸ்ஸில் கூட்டம் குறைந்ததும் மாடிக்கு அழைத்துப்போய் அந்த அறையைத் திறந்து காட்டினாள். “வருவா வருவான்னு யாருக்கும் வுடல” என்றாள். இப்போது பாதி அறையில் வெங்காய மூட்டைகள். “நீயாவது வந்து இரேன்” என்றாள். அவருக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். அந்த அறையை மட்டும் என்னோடு கொண்டுவந்துவிட்டேன். கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதும், அவருடைய காலைத் தேய்த்துவிடும்போதும் அதற்குள்தான் இருக்கிறேன்.

நீ அதைப் பார்க்கவேயில்லை, கேட்டுக்கொள். ஒரு இரும்புக் கட்டில். விலைச் சீட்டுகூடக் கிழிக்காத பச்சை வாளி. ஜன்னலைத் திறந்தால் மொட்டை மலையும் நிறைய வெயிலும். கதவுக்குப் பக்கத்தில் ஆணியடித்து ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறாள். அதில் என் முகம் தெரிய நான் குனிய வேண்டியிருந்தது. நீ நின்றிருந்தால் சரியாக இருந்திருக்கும்.