கமலத்தின் தையல் மெஷின்

ஆவணி, வெள்ளி இரவு. பெஹாலா.

வீடு மாறிவிட்டோம். மூன்று மாட்டு வண்டிகளில் இரண்டுதான் வந்து சேர்ந்தன. வராத வண்டியில் தங்கை கமலத்தின் தையல் மெஷின் இருக்கிறது. கணவனை இழந்து என்னிடம் வந்த பிறகு, யார் கையையும் எதிர்பார்க்காமல் அவள் நிமிர்ந்து நிற்பது அந்த மெஷினால்தான்.

பக்கத்து வீட்டு கோஷ் பாபு, தமக்குத் தெரிந்த வண்டிக்காரர் ஊரிலிருந்து திரும்பும்வரை பொறுக்கச் சொன்னார். நான் கேட்கவில்லை. காளிகாட் கடைத்தெருவில் ஒருவன், மதராஸிக் குடும்பங்களுக்கெல்லாம் தானே சாமான் ஏற்றுவதாக இனிக்க இனிக்கப் பேசினான். விசாரிக்காமல் அவனையே அமர்த்தினேன்.

காலையில் கமலம் கேட்டாள்: "அண்ணா, மெஷின் வண்டியிலேயே நானும் உக்காந்து வந்துடறேனே?"

"சாமானோட சாமானா நீ வந்தா நாலு பேர் என்ன சொல்லுவா? பேசாம எங்களோட வா" என்று அதட்டினேன்.

சாமான் இறக்கிய வண்டிக்காரரிடம், மூன்றாவது வண்டிக்காரன் யார் என்று கேட்டேன். "ஜானி நா, பாபு" என்றார். தெரியாதாம். இன்று காலையில்தான் அவனை முதல்முதலாகப் பார்த்தாராம். இருட்டும்வரை வந்த வழியெல்லாம் தேடினேன். காளிகாட்டில் எங்களை அமர்த்திய ஆளையும் காணோம்.

திரும்பி வந்தபோது, பகல் வெளிச்சம் விழும் ஜன்னலோரத்தைக் கமலம் பெருக்கித் துடைத்து வைத்திருந்தாள்.

"வண்டி எங்கே வரதாம், அண்ணா?"

"பாலத்துல கூட்டம். நாளைக்கு வந்துடும்" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போய்ப் படுத்தாள். தூங்கவில்லை. தெருவில் ஏதாவது வண்டி போனால் அவள் எழுந்து உட்காரும் சத்தம் கேட்கிறது.